இரண்டாவது கடை போடலாமா? ஆசையும் பயமும் கணக்கைக் கெடுக்காமல் முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

சிறு தொழில் செய்பவர்கள் ஒரு பெரிய முடிவுக்கு முன்னால் இரண்டு விதமாகத் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் ஏற்கெனவே மனசுக்குள் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒத்துவரும் தகவல்களை மட்டும் பொறுக்குகிறார்கள். இதைத்தான் கன்ஃபர்மேஷன் பயஸ் என்கிறார்கள். இன்னும் சிலர் கையில் நல்ல கணக்கு இருந்தும் ‘நமக்கெல்லாம் இது சரிப்படுமா’ என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

என் அனுபவத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். முதலில் ஒரு மனநிலை வருகிறது, சான்றுகள் அதற்குப் பின்னால் அணிவகுக்கின்றன. ஆசைப்படுபவருக்குக் கூட்டம் மட்டும் தெரிகிறது, பயப்படுபவருக்கு மூடிய ஷட்டர் மட்டும் தெரிகிறது. அதனால் மருந்தும் ஒன்றே: எதைப் பார்த்தால் எந்த முடிவு என்பதைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுவது. கீழே உள்ள படிகளில் வரிசைதான் முக்கியம். மூன்றாவது படியை நான்காவதற்குப் பிறகு செய்தால் மொத்த வேலையும் வீண்.

உதாரணமாக ஒரு பேக்கரி-டீக்கடையை எடுத்துக்கொள்கிறேன். கோவையில் ஒரு கடை நன்றாக ஓடுகிறது, சரவணம்பட்டிப் பக்கம் இன்னொன்று போடலாமா என்று யோசனை. உங்கள் தொழில் துணிக்கடையோ லேத் பட்டறையோ, எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தைத்த நோட்டு. உதிரித் தாளும் போன் குறிப்பும் வேண்டாம். தாளைக் கிழித்துவிடலாம், போனில் எழுதியதைத் தடம் தெரியாமல் திருத்திவிடலாம். நோட்டில் அடித்து எழுதினால் அடித்தது தெரியும்.

கடந்த 12 மாத விற்பனை, நாள்வாரியாக. பில்லிங் மெஷின் இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் கியூஆர் கோடு வழியாக வந்த பணத்தின் ஸ்டேட்மென்ட் போதும். எத்தனை மணிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதுகூட அதில் தெரியும். ரொக்க விற்பனையைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு முதல் ஆறு வார அவகாசம். ‘இந்த வாரமே சொல்லுங்க, வேற பார்ட்டி கேக்கறாங்க’ என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். அந்த அவசரம் அவருடையது.

கடைசியாக ஒரு கட்டுப்பாடு: இந்த வேலை முடியும்வரை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. ஐயாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் பணம் கைமாறிய நிமிடத்திலிருந்து மனசு அந்த இடத்துக்கு வக்கீலாகிவிடும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு தகவலும் ‘கொடுத்தது சரிதான்’ என்று காட்டத்தான் பயன்படும்.

1. முடிவை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

‘பிசினஸை விரிவாக்கலாமா’ என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. இடம், தேதி, பணம், எதிர்பார்க்கும் பலன் நான்கும் இருக்க வேண்டும்.

‘சரவணம்பட்டியில் மாதம் 30,000 ரூபாய் வாடகையில், 12 லட்சம் முதல் போட்டு, தை மாதம் கடை திறந்தால், ஆறாவது மாதத்துக்குள் அது தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும்.’

இப்படி எழுதும்போதே சிலருக்கு ‘12 லட்சம்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். அந்தத் தொகையை அவர் அதுவரை கூட்டிப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். அட்வான்ஸ், ஓவன், ஃபிரிட்ஜ், கவுண்டர், போர்டு, முதல் இரண்டு மாத நடைமுறைச் செலவு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிவிட்டு அப்புறம் மேலே போங்கள்.

2. இன்றைய மனச்சாய்வைத் தேதி போட்டு எழுதுங்கள்

இந்தக் கடை ஓடும் என்று இப்போது எவ்வளவு நம்புகிறீர்கள்? பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். பக்கத்திலேயே இன்று என்ன நடந்தது என்று ஒரு வரி. ‘தீபாவளி ஸ்வீட் ஆர்டர் நன்றாக முடிந்தது, 9’ அல்லது ‘மாஸ்டர் சொல்லாமல் லீவு, 3’.

ஒரு வாரம் தினமும் இதைச் செய்தால் ஒன்று புரியும். புதுக் கடையைப் பற்றி ஒரு தகவல்கூடப் புதிதாக வராமலே மதிப்பெண் மட்டும் ஏறி இறங்கியிருக்கும். அந்த ஏற்ற இறக்கம் முழுக்க உங்கள் நாளின் நிறம். முடிவெடுக்கும்போது அதைக் கழித்துவிட வேண்டும்.

எழுதி வைக்காவிட்டால் பின்னால் நினைவு நம்மை ஏமாற்றும். கடை ஓடினால் ‘அப்பவே தெரியும்’ என்போம், ஓடாவிட்டாலும் அதையேதான் சொல்வோம்.

3. எந்த எண் வந்தால் எந்த முடிவு: போய்ப் பார்ப்பதற்கு முன்பே கோடு போடுங்கள்

அதிகப் பேர் தாண்டிக் குதித்துவிடும் படி இது. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

முதலில் மாதச் செலவு. வாடகை 30,000. நான்கு ஆட்களுக்குத் தலா 18,000 என்றால் 72,000. மின்சாரம், கேஸ், இதர செலவு 28,000. கடன் தவணை 20,000. மொத்தம் 1,50,000 ரூபாய்.

நூறு ரூபாய்க்கு விற்றால் சரக்குச் செலவு போக 40 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். இந்த 40-ஐ ஊகிக்க வேண்டாம், உங்கள் முதல் கடையின் கணக்கிலிருந்து எடுங்கள். அப்படியானால் செலவை ஈடுகட்ட மாதம் 3,75,000 ரூபாய்க்கு, அதாவது ஒரு நாளைக்கு 12,500 ரூபாய்க்கு வியாபாரம் ஆக வேண்டும். ஒருவர் சராசரியாக 50 ரூபாய்க்கு வாங்கினால் தினம் 250 பில்.

இந்த 250-தான் உங்கள் மேல் கோடு. அதற்கு நியாயமான ஆதாரம் கிடைத்தால் ‘போடலாம்’.

இனி கீழ்க் கோடு. தினம் 180 பில் மட்டும்தான் என்றால் மாத வியாபாரம் 2,70,000. அதில் நிற்பது 1,08,000. மாதம் 42,000 ரூபாய் கையை விட்டுப் போகும். முதல் கடை 60,000 லாபம் தருகிறது என்றால் அதில் பெரும்பகுதியை இரண்டாவது கடை தின்றுவிடும். ஆகவே 180-க்குக் கீழே என்றால் ‘வேண்டாம்’. இரண்டுக்கும் நடுவே என்றால் வாடகையைக் குறைத்துப் பேச வேண்டும், அல்லது இரண்டு ஆட்களோடு சின்ன கவுண்டராக யோசிக்க வேண்டும்.

கோடு ஏன் இரண்டு? கீழ்க் கோடு ஆசைப்படுபவருக்கு. அது இல்லாவிட்டால் 150 பில் என்று தெரிந்தாலும் ‘போகப் போகப் பிக்கப் ஆகும்’ என்பார். மேல் கோடு பயப்படுபவருக்கு. அது இல்லாவிட்டால் 300 பில் என்று தெரிந்தாலும் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்பார். தன்னைச் சந்தேகிப்பவருக்குச் சான்று போதாமல் போவதே இல்லை. எவ்வளவு கிடைத்தால் போதும் என்று அவர் ஒருபோதும் எழுதி வைப்பதில்லை, அதனால் எவ்வளவு வந்தாலும் அவருக்குக் குறைவாகவே படுகிறது.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, சொந்த உழைப்பைச் செலவில் சேர்க்காதது. புதுக் கடையில் நீங்கள் நிற்கும் நேரத்துக்கும் கூலி உண்டு. இரண்டாவது, நல்ல மாதத்தை வைத்துச் சராசரி போடுவது. மூன்றாவது, பிற்பாடு கோட்டை நகர்த்துவது. நகர்த்தக் கூடாது என்று சட்டமில்லை. வாடகை உண்மையிலேயே குறைந்தால் நகர்த்தலாம். ஆனால் பழைய எண்ணை அடித்து, பக்கத்தில் காரணத்தையும் தேதியையும் எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு, கணக்கு புரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் மனைவியோ கணவரோ அண்ணனோ, யாரானாலும் சரி. இன்னொருவர் பார்த்துவிட்ட எண்ணை மாற்றுவதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் நமக்குத் தேவை.

4. உங்கள் எண்ணத்தைப் பொய்யாக்கும் தகவலைத் தேடிப் போங்கள்

லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்குள் அடங்கும், வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலானவர்கள் ‘இரண்டிரண்டாகக் கூடுகிறது’ என்று நினைத்து 8, 10, 12 என்றே சொல்லிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறையும் ‘ஆம், பொருந்துகிறது’ என்ற பதில் வந்தது. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 3 என்று தன் எண்ணத்துக்குப் பொருந்தாத ஒன்றைச் சொல்லிப் பார்த்திருந்தால் அது சட்டென்று தெரிந்திருக்கும்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் இதையேதான் செய்கிறார்கள். கூட்டம் இருக்கும் நேரத்தில் போய்ப் பார்த்து, கூட்டம் இருக்கிறது என்று திரும்புகிறார்கள். அதனால் போகும் நேரத்தை மாற்றுங்கள்.

மந்தமான நேரத்தில் போங்கள். ஐடி கம்பெனிகளும் கல்லூரிகளும் உள்ள பகுதியில் வார நாள் மாலை எப்படியும் ஜேஜே என்றுதான் இருக்கும். ஞாயிறு மதியமும், மழை நாளும், முடிந்தால் கல்லூரி விடுமுறையும் எப்படி என்று பாருங்கள். பக்கத்தில் இதே மாதிரி ஒரு கடை இருந்தால் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் எதிரே உட்கார்ந்து, வாங்கிப் போகிறவர்களை எண்ணுங்கள். தெருவில் நடப்பவர்களை எண்ணுவதில் பயனில்லை, அவர்கள் உங்கள் கல்லாவுக்கு எதுவும் தருவதில்லை.

முன்பு அந்த இடத்தில் இருந்தவர் ஏன் காலி செய்தார் என்று கேளுங்கள். கட்டட உரிமையாளர் ஒரு காரணம் சொல்வார். அதோடு நிற்காமல், எப்படியாவது பழைய கடைக்காரரையே பிடித்துப் பேசுங்கள். தெருவில் நமக்குக் கண்ணில் படுவதெல்லாம் பிழைத்து நிற்கும் கடைகள். மூடிப்போனவை கண்ணில் படாது, பாடம் அங்கேதான் அதிகம்.

எல்லாரையும்விட நல்ல சாட்சி பால் போடுகிறவர். அந்தத் தெருவில் எந்தக் கடைக்குத் தினம் எத்தனை லிட்டர் இறங்குகிறது, போன வருடம் எவ்வளவு இறங்கியது என்பது அவருக்கு அத்துப்படி. முட்டை, பிரெட் சப்ளை செய்பவரும் அப்படியே. கடைக்காரர் வியாபாரத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்லலாம், இறங்கும் பால் கேன் பொய் சொல்லாது.

தயங்குபவர் இதே படியைத் திருப்பிப் போட்டுச் செய்ய வேண்டும். ‘அந்த ஏரியாவில் எதுவும் ஓடாது’ என்பது உங்கள் எண்ணமென்றால், அங்கே மூன்று வருடமாக ஓடும் கடைகளைத் தேடி, ஏன் ஓடுகின்றன என்று எழுதுங்கள். பயமும் ஒரு கருத்துதான். ஆசையை எப்படிச் சோதிக்கிறோமோ அதே கண்டிப்போடு அதையும் சோதிக்க வேண்டும்.

5. மனிதர்களிடம் கேட்கும்போது உங்கள் விருப்பம் தெரியக் கூடாது

‘சரவணம்பட்டியில ஒரு கடை போடலாம்னு இருக்கேன், என்ன சொல்ற?’ என்று மாஸ்டரிடம் கேட்டால் ‘நல்லாப் போகும்ங்கண்ணா’ என்பார். சம்பளம் தருபவர் ஆசையோடு கேட்கும்போது வேறு எப்படிச் சொல்வார்? அந்தப் பதிலில் தகவல் எதுவும் இல்லை.

கேள்வியை மாற்றுங்கள். ‘நாம அங்க ஒரு கடை போட்டு, ஒரு வருஷத்துல மூடிட்டோம்னு வெச்சுக்க. எதனால மூடியிருப்போம்? ரெண்டு காரணம் எழுதிக் குடு.’ முடிவெடுக்கும் முன்பே தோல்வி நடந்துவிட்டதாகக் கற்பனை செய்து காரணம் தேடும் இந்த முறையை கேரி கிளைன் என்ற உளவியலாளர் பிரபலப்படுத்தினார். தோற்றுவிட்டதாக நீங்களே சொல்லிவிட்டதால், குறை சொல்வது இப்போது உங்களை எதிர்ப்பதாகாது. ஆட்கள் மனம் திறப்பார்கள்.

எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள். முதலில் பேசுகிறவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். தனித்தனியாக, எழுதி வாங்குங்கள். எழுதக் கூச்சப்படுகிறவரிடம் தனியாகக் கேட்டு நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் சின்னப் பையன் என்று நினைக்கும் சப்ளையர் ‘நீங்க இல்லாட்டி இங்க டீயே ஒழுங்கா வராதுண்ணா’ என்று ஒரு வரி சொல்லக்கூடும். மொத்தத் திட்டத்திலும் பெரிய ஓட்டை அதுவாக இருக்கலாம்.

6. சந்தேகங்களை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள்

இதுவரை சேர்ந்த எல்லாச் சந்தேகங்களையும் ஒரு பக்கத்தில் எழுதி, நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் தொழிலைப் பற்றியவை, வலப்பக்கம் உங்களைப் பற்றியவை.

‘மாஸ்டர் நின்றுவிட்டால் என்ன செய்வது?’ தொழிலைப் பற்றியது. இதற்குப் பதில் தேடலாம்: இரண்டாவது ஆளை இப்போதே பழக்குவது. ‘புது இடத்துக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ தனியாக வேண்டுமா?’ இதுவும் அப்படியே, வேண்டும் என்பது பதில். இந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வேலையும் ஒரு தேதியும் எழுதுங்கள். பாதிப் பயம் இங்கேயே வேலைப் பட்டியலாக மாறிவிடும்.

‘நான் படிக்காதவன், இதெல்லாம் நமக்கு வருமா?’, ‘முதல் கடை ஏதோ அதிர்ஷ்டத்தில் ஓடிவிட்டது’ போன்றவை வலப்பக்கத்துக்குப் போகும். சாதித்தவர்களே தங்கள் வெற்றியை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடும் இந்தப் போக்கை பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-லேயே விவரித்து எழுதினார்கள். ஆகவே அந்தக் குரல் உங்களுக்கு மட்டும் கேட்பதில்லை.

அந்தக் குரலோடு வாதாடாதீர்கள். ‘என்னால் முடியும்’ என்று கண்ணாடி முன் சொல்வதும் நிலைக்காது, மறுநாள் ஒரு மோசமான பில்லில் கரைந்துவிடும். ஆவணத்தைக் காட்டுங்கள். எத்தனை வருடம் சப்ளையருக்குத் தவணை தவறாமல் கட்டியிருக்கிறீர்கள், 2020 ஊரடங்கில் கடையை எப்படித் தாக்குப்பிடிக்க வைத்தீர்கள், எத்தனை ஆட்கள் மூன்று வருடத்துக்கு மேல் உங்களோடு இருக்கிறார்கள் என்று வங்கிக் கணக்கையும் சம்பள நோட்டையும் பார்த்து எழுதுங்கள். யாரோ பாராட்டியதை இதில் சேர்க்க வேண்டாம். அதிர்ஷ்டம் ஒரு மாதத்தை விளக்கும், ஏழு வருடத்தை விளக்காது.

சில சமயம் வலப்பக்கச் சந்தேகம் உண்மையாகவே இருக்கும். லாப நஷ்டக் கணக்கைப் படிக்கத் தெரியவில்லை என்றால் அது மனசின் கோளாறே இல்லை, கற்க வேண்டிய ஒரு விஷயம். கணக்கரிடம் நான்கு ஞாயிறு உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அதை இடப்பக்கத்துக்கு மாற்றுங்கள்.

மந்தமான மாதத்தில் உங்கள் திறமைக்கு மதிப்பெண் போடாதீர்கள். புரட்டாசியில் பிரியாணிக் கடைக்காரர், ஆடியில் முகூர்த்தப் பட்டு விற்பவர், விடுமுறையில் கல்லூரி வாசல் டீக்கடைக்காரர் எல்லாருக்கும் தாங்கள் தோற்றவர்களாகவே தோன்றும். போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது நோட்டில் தீர்க்கும் விஷயம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-இல் இலவசமாகப் பேசலாம். கடை முடிவு காத்திருக்கும்.

7. திரும்பி வரக்கூடிய அளவில் சோதித்துப் பாருங்கள்

கடை எடுக்காமலே அந்தத் தெருவில் விற்க முடியுமா என்று யோசியுங்கள். அங்குள்ள ஒரு டீக்கடைக்கு ஒரு மாதம் பப்ஸும் பன்னும் சப்ளை செய்யலாம். தினம் எத்தனை திரும்பி வருகிறது என்பதே பதில். எவ்வளவு நஷ்டம் வரை தாங்கலாம் என்று முன்பே எழுதிவிடுங்கள், 15,000 ரூபாய் என்பது போல. அந்த எல்லை இருந்தால் பயப்படுபவரும் துணிவார்.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை, ஆனால் செய்யத்தான் மனம் வராது. இரண்டு வாரம் முதல் கடைக்குப் போகாதீர்கள். போனிலும் வேலை வாங்காதீர்கள். அந்த இரண்டு வார விற்பனையை முந்தைய இரண்டு வாரத்தோடும் போன வருடத்தின் அதே நாட்களோடும் ஒப்பிடுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தால் உங்களிடம் இருப்பது இன்னும் கிளை போடும் நிலைக்கு வராத கடை. முதலில் இங்கே ஓர் ஆளை நம்பி விடப் பழக வேண்டும். விழாமல் நின்றால், ‘நான் இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும்’ என்ற பயத்துக்கு அதுவே பதில்.

8. தேதி குறித்து முடிவெடுங்கள்

குறித்த நாளில் நோட்டைத் திறந்து, கிடைத்த எண்ணை மூன்றாம் படிக் கோடுகளோடு வையுங்கள். புதிதாக யாரையும் கேட்க வேண்டாம். இந்த நேரத்தில் கேட்பது பெரும்பாலும் விரும்பிய பதில் வரும்வரை கேட்பதாகத்தான் முடியும்.

எண் நடுவில் நின்று தடுமாற வைத்தால் ஒரு கேள்வி உதவும். 1985-இல் கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தின் மெமரி சிப் வியாபாரம் ஜப்பானியப் போட்டியில் சரிந்துகொண்டிருந்தபோது, அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆண்டி குரோவ் தன் சகாவான கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மை வெளியேற்றிவிட்டுப் புது ஆளைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டு விலகுவார் என்றார் மூர். அதையே அவர்கள் செய்தார்கள். உங்கள் கடையை நாளைக்கு வேறொருவர் வாங்கி, இந்த நோட்டை மட்டும் கையில் எடுத்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். அவருக்கு உங்கள் ஆசையும் கிடையாது, பயமும் கிடையாது.

‘வேண்டாம்’ என்பது முழுமையான ஒரு முடிவு. ‘அப்புறம் பார்க்கலாம்’ அப்படி இல்லை. வேண்டாம் என்றால் என்ன மாறினால் மறுபடி யோசிப்பேன் என்று ஒரு வரி எழுதி மூடுங்கள்.

9. திறந்துவிட்டால், நிறுத்தும் கோட்டையும் அன்றே எழுதுங்கள்

ஆறாவது மாதம் தினம் 200 பில்லைத் தாண்டாவிட்டால் என்ன செய்வது, ஒன்பதாவது மாதத்தில் எவ்வளவு இருந்தால் மூடுவது என்று முதல் நாளே எழுதுங்கள். போட்ட 12 லட்சம் கண்முன் நிற்கும்போது இதைத் தெளிவாக யோசிக்க முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்பதையும், அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் விதத்தையும் இதற்கேற்பப் பேசி எழுதிவாங்குங்கள்.

முதல் மாதக் கூட்டத்தை நம்ப வேண்டாம், புதுக் கடைக்கு எல்லாரும் ஒருமுறை வருவார்கள். மூன்றாவது மாதத்திலிருந்து எண்ணுங்கள்.

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். புது மெஷின், புது ஆள், பெரிய ஆர்டர் என்று அடுத்து வரும் முடிவுகளையும் இதே முறையில் எழுதி வாருங்கள். ஏழெட்டு முடிவுகள் சேர்ந்ததும் இரண்டாம் படியில் போட்ட மதிப்பெண்களை நடந்ததோடு ஒப்பிடுங்கள். 9 போட்டவை பாதிக்குப் பாதி தோற்றிருந்தால் நீங்கள் ஆசைப் பக்கம் சாய்பவர், இனிக் கீழ்க் கோட்டை இன்னும் மேலே போடுங்கள். 4 போட்டவை பெரும்பாலும் ஜெயித்திருந்தால் பயத்தின் பக்கம் சாய்பவர், மேல் கோட்டைத் தொட்ட அன்றே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.